என் எடை, அவள் பெயர்

லாரிகளை எடை போடுவது என் வேலை. அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் நான் பொத்தானை அமுக்குவேன். சீட்டு வரும், லாரி நகரும். கல்லைக் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மறுபடி நிற்கும், மறுபடி ஒரு சீட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கல்லின் எடை. அங்கே வந்துபோகும் முக்கால்வாசி லாரிகளின் காலி எடை எனக்கு மனப்பாடம். என் எடை மட்டும் தெரியாது.

தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. தெரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை. டவுனில் ஒரு மருந்துக்கடை வாசலில் இருந்த மெஷினில் நூற்றிருபதோடு எண்கள் முடிந்துவிடும். கடைசியாக ஏறியபோது முள் அந்த எல்லையில் போய் இடித்துக்கொண்டு நின்றது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "மெஷின் ரிப்பேருங்க சார்" என்றார். நல்ல மனிதர். அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தும் நானும் மெஷினை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் எந்த மெஷின் மேலும் ஏறவில்லை.

2006இல் ஏற வேண்டி வந்தது. அந்த வருடம் வேலை நேரத்தில் தூங்க ஆரம்பித்திருந்தேன், பட்டப்பகலில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. ஒரு நாள் லோடு லாரி மேடையில் நிற்கிறது, உள்ளே நான் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறேன், பின்னால் ஒன்பது லாரி. டிரைவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி எழுப்பினார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "நல்ல வசதியான ஒடம்பு சார், தூக்கம் வரத்தான் செய்யும்" என்று சிரித்தார். எங்கள் பக்கம் அப்படித்தான். ஆணுக்குத் தொப்பை வந்தால் அதற்குப் பெயர் வசதி. கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். ஆனால் என் மேலதிகாரிக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை. இன்னொரு முறை தூங்கினால் எடைமேடையிலிருந்து எடுத்துவிடுவதாக எழுதியே கொடுத்துவிட்டார்.

சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் போனேன். "கழுத்துச் சதை தூக்கத்துல மூச்ச அடைக்குதுங்க. அதான் பகல்ல கண்ணு சொருவுது. எடையக் கொறைக்காம இதுக்கு மருந்து கெடையாது" என்றார். நான் என்னவோ குறைக்கப் பார்க்காதவன் மாதிரி. கொள்ளு ரசம் குடித்தேன். இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறி, ஏழு சப்பாத்தி தின்றேன். ஏரிக்கரையில் நடந்தேன், திரும்பும் வழியில் வடைக்கடை இருந்தது. என் மனக்கட்டுப்பாடு எவ்வளவு தூரம் என்று அளந்தால் ஏரிக்கரையிலிருந்து வடைக்கடை வரைக்கும்தான்.

முடிவெட்டும் கடையில் கிடந்த ஒரு வாரப் பத்திரிகையில்தான் அந்த ஆபரேஷன் பற்றிப் படித்தேன். சென்னையில் செய்கிறார்களாம். வயிற்றைச் சின்னதாக்கிவிட்டால் மனிதனால் நிறையத் தின்னவே முடியாதாம். பக்கத்தில் இரண்டு படம், முன்பு, பின்பு. பின்பு எடுத்த படத்தில் அந்த ஆள் பழைய பேண்ட்டை இடுப்பில் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கிழிக்கும் சத்தம் கேட்காமல் இருக்க இருமினேன். அப்போதே ஒளிக்க ஆரம்பித்துவிட்டேன் என்று இப்போது புரிகிறது.

ஆபரேஷன் பற்றி விசாரிக்க முதலில் எடை தெரிய வேண்டும். லாரி வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எடைமேடையைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு நானே அதன் நடுவில் போய் நின்றேன். டிரைவர்கள் பார்ப்பதற்காக வெளியேயும் ஒரு பலகை உண்டு, சிவப்பு எண்களில் காட்டும். 150 என்று காட்டியது. பெரிய லாரிகளுக்கான மேடை அது, பத்துப் பத்தாகத்தான் தாவும். அதனால் நூற்று நாற்பத்தைந்தாகவும் இருக்கலாம், நூற்று ஐம்பத்து நாலாகவும் இருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன், 150. சாவிக்கொத்தையும் டிபன்பாக்ஸையும் கீழே வைத்துவிட்டு ஏறினேன், 150. மேற்கொண்டு கழற்ற முடியாதபடி கேட்டில் வாட்ச்மேன் இருந்தார்.

எங்கள் ஊரிலும் பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. ஆனால் அங்கே போய் வயிற்றை வெட்டுவது பற்றித் தேடினால் சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். அப்போது எங்களுக்கு மாவட்டத் தலைநகர் பெரம்பலூர்தான். "பெரம்பலூர் வரைக்கும் போயிட்டு வரேன், ஒரு சர்ட்டிபிகேட் வேலை" என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். வீட்டில் அதைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அங்கே டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் ஒருவர், காலத்துக்கு ஏற்ப நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். ஐம்பது வயது, நெற்றியில் திருநீறு, பதமான பேச்சு. எனக்கு எடைச்சீட்டில் வரும் லோடு, டேர் என்ற அளவுக்குத்தான் ஆங்கிலம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல ஒப்புக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னதும், "யாருக்கு சார்?" என்று கேட்டார்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. தும்மல் மாதிரி வந்துவிட்டது. "வீட்டுல. மிஸஸுக்கு."

அவருக்கு எதிரில், மேஜை விளிம்பில் வயிறு இடிக்க, நூற்றைம்பது கிலோ உட்கார்ந்திருந்தது. அவர் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. "பாவம். பொம்பளைங்களுக்குத்தான் இந்தக் கஷ்டமெல்லாம்" என்று சொல்லிவிட்டு டைப் அடிக்க ஆரம்பித்தார். திருத்திச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் முழுதாக இருந்தது. அந்த ஒரு நிமிடமும் நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு முறை போனேன். மூன்று வழிகள் இருப்பதாக மாஸ்டர் படித்துச் சொன்னார். ஒன்று, வாய் வழியாக ஒரு பலூனை இரைப்பைக்குள் இறக்கி ஊதி வைப்பது. கத்தி கிடையாது, ஆறு மாதத்தில் எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு வளையம் மாட்டுவது. வேண்டுமானால் இறுக்கலாம், தளர்த்தலாம், கழற்றியும்விடலாம். மூன்றாவது, இரைப்பையில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து எடுத்து, குடலை வெட்டி அதில் இணைத்துவிடுவது. சர்க்கரை நோய்க்கு அது நல்லது, ஆனால் பழையபடி ஆக்குவது லேசில்லை, ஆயுசுக்கும் சத்து மாத்திரை தின்ன வேண்டும். எனக்கு வளையம்தான் பிடித்தது. கழற்றலாம் என்கிற எதுவும் எனக்குப் பிடிக்கும். பொய்யையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை போனபோது, மாஸ்டர் மெயில் அனுப்பியிருந்த சென்னை ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கேள்வித்தாள் வந்திருந்தது. மாஸ்டர் கேட்கக் கேட்க நான் பதில் சொன்னேன். பெயர்? மனைவியின் பெயரைச் சொன்னேன். வயது? முப்பத்து நாலு, அவளுடையது. உயரம்? ஐந்தடி ஒன்பது அங்குலம், என்னுடையது. எடை? நூற்றைம்பது. பிரசவம்? இரண்டு. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? வருகிறது என்றேன். தொழில்? கீழப்பழுவூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மாஸ்டர் ஊர்ப் பெயரைக் கேட்டார், சொன்னேன். "அங்க என் மச்சினிச்சி இருக்குறா சார்" என்றார். எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. பிரசவத்தைச் சரியாகச் சொன்னோமே என்ற நிம்மதியில் இருந்தேன்.

பதில் வந்தது. தைராய்டு பார்க்க வேண்டும், கர்ப்பப்பையைச் சோதிக்க வேண்டும், ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருடம் கருத்தரிக்கக் கூடாது என்று எனக்கு ஆலோசனை சொல்லியிருந்தார்கள். இப்படி ஒரு பெண் உலகத்திலேயே கிடையாது. அவளுக்காக மெத்தப் படித்த டாக்டர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எனக்கு வேண்டிய ஒரு கேள்வி, இந்தப் பகல் தூக்கம் போகுமா என்பது. அதை நான் கேட்கவே இல்லை. அவளுக்குத்தான் அந்த வியாதி கிடையாதே. தாள்களை எல்லாம் பிரிண்ட் எடுத்து, எடைமேடை அறையில் சீட்டுக் காகிதம் வைக்கும் அட்டைப்பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன்.

என் மனைவி குண்டு இல்லை. இரண்டு பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இருக்கும் சதைதான். தினமும் காலை பஸ் பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போவாள். சமையல் அம்மாவும் உதவிக்கு ஒரு அம்மாவும் உண்டு, இவள் மேற்பார்வை. ஊரில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் பெரியவர்கள் யாராவது ருசி பார்க்க வேண்டும் என்பது சத்துணவில் விதி. அங்கே அது அவள் பொறுப்பு. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்க, அவர்கள் கண்ணெதிரே ஒரு தட்டில் ஒரு கரண்டி சோறும் சாம்பாரும் போட்டு, நின்றபடி தின்பாள். "ம், உப்பு சரியா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் வரிசை நகரும். பத்து வருடமாக நடப்பது இது. பிள்ளைகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஒரு நாள் சாயங்காலம் வந்தவள் பையைக்கூட வைக்காமல், "ஏங்க, எனக்கு வயித்துல ஆபரேஷனாமே?" என்றாள். அப்போதும் சிரிப்புதான். "நூத்தம்பது கிலோவாம் நான். ஒரு பையனோட அம்மா கேக்குறா. பெரம்பலூர்ல யாரோ சொன்னாங்களாம். எவளையோ நானுன்னு நெனச்சுட்டாங்க போல."

அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யாரு அப்படிச் சொன்னது? ஊருல வேற வேலயில்ல அவனுங்களுக்கு" என்று கத்தினேன். அவ்வளவு கோபமாகக் கத்தியதால் அவளே என்னைச் சமாதானப்படுத்தினாள். காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

அவள் நூற்றைம்பது கிலோ இல்லை என்பதை ஊர் கண்ணால் பார்க்கிறதே, இது தானாக அடங்கிவிடும் என்று நம்பினேன். ஊர் அப்படிப் பார்க்கவில்லை. எண் போய்விட்டது, சதை நின்றது. ஆணின் தொப்பையை வசதி என்று சொன்ன அதே வாய்கள், பிள்ளைகளின் சோற்றைக் கையாளுகிற பெண்ணின் சதைக்கு வேறு பெயர் கண்டுபிடித்தன. முட்டை போடும் நாளில் ஒரு தாய் வாசலில் நின்று, "முட்டையெல்லாம் எங்க போவுதுன்னு இப்பல்ல தெரியுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாளாம். சமையல்கூடச் சுவரில் யாரோ கரியால் ஒரு குண்டுப் பெண்ணின் படம் வரைந்து, கையில் கரண்டியும் கொடுத்திருந்தார்கள். பெயரில்லாத கடிதம் ஒன்று மேலே போனது. ஒரு அதிகாரி வந்து அரிசியையும் முட்டையையும் சோதித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். எழுதியது நோட்டில். ஊர் நோட்டைப் படிக்கவில்லை.

இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாக வீட்டில் சொல்வாள். நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்பேன்.

ஒரு நாள், "இப்பல்லாம் ருசி பாக்குறதில்லைங்க" என்றாள். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால் வரிசையில் பிள்ளைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு சிரிக்கின்றனவாம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு பெண்கள் எட்டிப் பார்க்கிறார்களாம். அதனால் ஆள் தெரியாமல் உள்ளே அடுப்புக்குப் பின்னால் திரும்பி நின்று ஒரு பருக்கையை நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அதையும் ஒருத்தி பார்த்துவிட்டு, "ஒளிஞ்சு திங்குறா" என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து எதையும் வாயில் வைப்பதில்லை. சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டதுகூடத் தெரியாமல் அன்றைக்குப் பரிமாறி, பிள்ளைகள் பாதியைக் கொட்டிவிட்டுப் போயிருக்கின்றன. இதைச் சொல்லும்போதுதான் அவள் முதல் முறையாக அழுதாள். நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு சாப்பிட்டு முடித்தேன், மறுசோறும் போட்டுக்கொண்டேன்.

தபால் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஆஸ்பத்திரிக்கு வீட்டு முகவரி கொடுத்திருந்தேன். எங்கள் தெருவுக்குத் தபால் வரும் நேரத்தில் அவள் பள்ளியில் இருப்பாள், நான் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பாமல் வீட்டில் இருப்பேன் என்று கெட்டிக்காரத்தனமாக யோசித்திருந்தேன். உறை வந்தது சனிக்கிழமை. நான் குளித்துக்கொண்டிருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, அவள் தன் பெயர் போட்ட உறையைப் பிரித்து, உள்ளே இருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். வழுவழுப்பான ஒரு புத்தகமும் மடியில் கிடந்தது, அட்டையில் இரைப்பைப் படம்.

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்குப் பழக்கம் அதுதான். அவள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். நான் இடுப்பில் துண்டோடு, மறைக்க ஒன்றுமில்லாமல் நின்றேன்.

"ஒசரம் ஒங்களோடது. எட ஒங்களோடது. பேரு மட்டும் என்னோடதா?"

"வாய் தவறி வந்துடுச்சு."

"அது ஒரு நாளு. அப்பறம் ரெண்டு மாசமா நான் வந்து சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே, அது?"

நான் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவள் தாளை மடித்து உறையில் வைத்தாள். "ஆபரேஷன் வேணும்னா வாங்க, நானும் வரேன், கேட்டுட்டு வருவம். அது ஒங்க ஒடம்பு. ஆனா என் பள்ளிக்கூடத்துக்கு வந்து, இது எனக்குத்தான்னு ஒரு வார்த்த சொல்லணும். பெத்தவங்க கூட்டத்துல, எல்லாரும் இருக்குறப்ப." சொல்கிறேன் என்றேன்.

அவள் தன் வார்த்தையை உடனே நிறைவேற்றினாள். மாதம் ஒருமுறை திருச்சிக்கு வந்து பார்க்கும் ஒரு சென்னை டாக்டரிடம் இருவரும் போனோம். அங்கே அகலமான மெஷின் இருந்தது. 147 காட்டியது. மூன்று கிலோ குறைந்துவிட்டதாக எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். டாக்டர் என் கையிலிருந்த பழைய தாள்களைப் புரட்டிவிட்டு, "இது வேற யாருக்கோ சொன்னதுங்க" என்று ஓரமாக வைத்தார். நாலு முறை பெரம்பலூர் போய் நான் தெரிந்துகொண்டதைவிட, பத்து நிமிடத்தில் என் மனைவி அதிகம் தெரிந்துகொண்டாள். பகல் தூக்கம் நிற்குமா? வளையம் நழுவினால் என்ன ஆகும்? மாதாமாதம் வர முடியாதவருக்கு எது நல்லது? மயக்க மருந்து கொடுத்தால் இவர் மூச்சு தாங்குமா? டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளிடமே பேசினார். வளையத்துக்கு அடிக்கடி வர வேண்டியிருக்கும், சர்க்கரை இருப்பதால் குடலை மாற்றி இணைப்பதுதான் பொருத்தம், ஆனால் முதலில் தூக்கத்தைச் சோதிக்க வேண்டும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றார். "அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க. ஒரு மாசம் யோசிச்சுட்டுப் போன் பண்ணுங்க."

அந்த மாதம் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு நான் போகவில்லை. ஷிப்டு மாறிவிட்டது என்றேன். மாறவில்லை. கேட்டு மாற்றிக்கொண்டேன். மறுநாள் காலை டிபன்பாக்ஸை என் கையில் கொடுக்கும்போது, "அடுத்த கூட்டம் பதினஞ்சு நாள்ல" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கூட்டத்துக்குப் போனேன். பள்ளிக்கூடத்தின் நீளமான ஒரே அறையில் முப்பது பெண்கள் இருப்பார்கள், ஆண்கள் ஐந்தாறு பேர். தலைமையாசிரியை மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். உட்காரவில்லை, அது தாங்காது என்று பட்டது. என் மனைவி சமையல்கூட வாசலில் நின்றிருந்தாள். நின்றபடியே சொன்னேன். "ஆபரேஷன் பத்தி விசாரிச்சது எனக்குங்க. நூத்தம்பது கிலோ நாந்தான். வெக்கப்பட்டுக்கிட்டு என் சம்சாரம் பேரச் சொல்லிட்டேன். அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. தப்பு என்னோடது."

சொல்லிவிட்டேன். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்று மாதத்துக்கு மேல் தாமதமானாலும் ஒரு ஆண்பிள்ளை மாதிரி வந்து நின்று சொல்லிவிட்டோம் என்று ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். முட்டை எங்கே போகிறது என்று வாசலில் நின்று கேட்டவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. "பாத்தியாடி, பொண்டாட்டி மேல பழி வந்துடக் கூடாதுன்னு தாந்தான்னு சொல்றாரு மனுசன்" என்றார் பக்கத்தில் இருந்தவளிடம். "எங்க வூட்டு ஆளும் இருக்குதே" என்றாள் அவள். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "ஒங்களுக்கு என்னங்க கொறச்சல், ராசா மாதிரி இருக்கீங்க, ஒங்களுக்கு எதுக்கு ஆபரேசன்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், பிரியமாக.

"இல்லைங்க, நெசமாத்தான் சொல்றேன்" என்றேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக் காட்டினேன். தலைமையாசிரியை அதை வாங்கிப் படிக்காமலேயே திருப்பிக் கொடுத்து, "எங்களுக்குப் புரியுதுங்க சார். ஒங்க நல்ல மனசுக்கு டீச்சர் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த அம்மா எழுந்து சமையல்கூட வாசலுக்குப் போய், என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நாங்க ஒண்ணும் பேச மாட்டோம் டீச்சர். இப்படி ஒரு புருசன் கெடைச்சிருக்குறாரு, அவருக்காகவாவது வாயக் கட்டிக்கிட்டு ஒடம்பப் பாத்துக்குங்க" என்றார்.

என் மனைவி தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்.

பஸ்ஸில் திரும்பினோம். அரியலூருக்குள் நுழையும்போது நான்தான் ஆரம்பித்தேன். "டாக்டருக்குப் போன் பண்ணிடறேன். ஆபரேஷன் பண்ணிக்கிறேன். எளச்சுப்போயி வந்து நின்னா அப்பத் தெரியும்ல, யாருக்குன்னு."

"அப்பவும், பொண்டாட்டிக்குத் தொணையா இவரும் வயித்த வெட்டிக்கிட்டாருன்னுதான் சொல்லுவாங்க" என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. "ஒங்க ஒடம்புக்கு வேணும்னா பண்ணிக்குங்க. எனக்குன்னு சொல்லி இன்னொண்ணு பண்ணாதீங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இனிமே யாருகிட்டயும் போயி சொல்லவும் வேண்டாம். நீங்க சொல்லச் சொல்ல ஒங்களுக்குத்தான் நல்ல பேரு ஏறுது."

டாக்டருக்கு நான் போன் செய்யவில்லை. எடைமேடையிலிருந்து எடுத்து என்னை ஸ்டோரில் போட்டார்கள், அங்கே தூங்கினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த ஜூனில் அவள் வேறு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். அங்கே ருசி பார்க்கும் வேலையைச் சமையல் அம்மாவிடம் விட்டுவிட்டாள்.

அந்தப் பழைய ஊர்ப் பெண்கள் அரியலூர் பஸ்ஸில் என்னைப் பார்த்தால் இன்றும் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். "ஒக்காருங்க சார்" என்கிறார்கள். நான் உட்கார்ந்துகொள்கிறேன்.